கரிக்கும் தண்ணீர், வேப்பமர நிழல்: எந்தப் புல் தாங்கும்?

வணக்கம் நண்பர்களே. இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சென்னைக்கு அருகே. மணல் தரை, 600 சதுர அடியில் புல்வெளி போட எண்ணம். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும்.

வெயில் படும் பாதிக்கு பெர்முடா புல் முடிவாகிவிட்டது: உப்பைத் தாங்கும், ஒன்றரை அங்குலத்தில் வெட்டலாம். மீதிப் பாதியில் வேப்பமர நிழல், 3 மணி நேர வெயில்கூட இல்லை. அங்கே பெர்முடா மெலிந்து சொட்டையாகிவிடும். கொரியன் புல் மெதுவாகத்தான் பரவும்; அதற்குள் கோரை முந்திக்கொள்ளும்.

செயின்ட் அகஸ்டின் புல்தான் சரி என்று படுகிறது. நிழல், உப்பு இரண்டையும் ஓரளவு தாங்கும். 3 அங்குல உயரம் விட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், இது உட்பட அகன்ற இலைப் புல்லையெல்லாம் நர்சரிகளில் பஃபலோ என்றே விற்கிறார்கள். அதில் ஆக்ஸோனோபஸ் (இன்னொரு அகன்ற இலைப் புல்) கலந்து வந்தால் உப்பில் நுனி கருகிப் போகும்.

கரிக்கும் தண்ணீரில் செயின்ட் அகஸ்டின் வளர்ப்பவர்கள் யாராவது உண்டா? கோடையில் எத்தனை நாளுக்கொரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுகிறீர்கள்? சரியான நாற்று எங்கே கிடைக்கும்? நடுமுன் கோரைக் கிழங்கை ஒழித்த முறையையும் சொல்லுங்கள். மேலே பிடுங்கினால் அடிக்கிழங்கு மறுபடி துளிர்த்துவிடுகிறது.