சாமி பேரில் நடக்கிற டேகேர்: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

மத அமைப்பு நடத்தும் டேகேரைத் தேடிப் போகிறவர்கள் பாதிக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். "நம்ம ஆளுங்க நடத்துறது, என்ன பயம்?" என்ற நினைப்புதான் காரணம். பக்தி வேறு, பராமரிப்பு வேறு. கை கழுவாமல் டயப்பர் மாற்றினால் வரும் வயிற்றுப்போக்கு மதம் பார்த்து வராது. அதனால் எந்த டேகேரிலும் முதலில் கேட்கும் கேள்வியையே இங்கும் கேளுங்கள்: ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளை?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் பொதுச் சுகாதார அமைப்பும் சேர்ந்து பரிந்துரைக்கும் கணக்கு இது: 12 மாதம் வரை 3 குழந்தைக்கு ஒருவர், 13 முதல் 35 மாதம் வரை 4 குழந்தைக்கு ஒருவர், 3 வயதில் 7 பேருக்கு ஒருவர், 4, 5 வயதில் 8 பேருக்கு ஒருவர். பல இடங்களில் சட்டம் இதைவிடத் தாராளமாக விட்டிருக்கும். அப்படியிருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல்.

ஆபீஸில் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையலம்மா, டிரைவர், கணக்குப் பார்ப்பவர் எல்லோரையும் சேர்த்து வகுத்த கணக்காக இருக்கும். அறையில் நின்று தலையை எண்ணுங்கள். கணக்கு உடையும் நேரம் இரண்டு. ஒன்று, பிள்ளைகள் தூங்கும்போது மிஸ்கள் சாப்பிடப் போகும் நேரம். இன்னொன்று, மத அமைப்பு டேகேருக்கே உரிய பிரார்த்தனை நேரம். மூன்று வகுப்பை ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒருவர் பாட்டுச் சொல்லித் தருவார், மற்றவர்கள் அந்த இடைவெளியில் வேறு வேலை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வகுப்பறையிலிருந்து கூடத்துக்குப் போகும் அந்த நடையில்தான் ஒரு பிள்ளை பாத்ரூமிலோ படிக்கட்டிலோ தங்கிப்போகும். கிளம்பும் கதவில் ஒரு தடவை, நுழையும் கதவில் ஒரு தடவை பேர் சொல்லி எண்ணிக் குறிக்கிறார்களா என்று கேளுங்கள். குறித்த தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

*

மேலே சொன்னதோடு உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத அமைப்பு என்பதற்காகவே உரிமத்திலிருந்து விலக்கு தரும் சட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவில் தேவாலயங்கள் நடத்தும் காப்பகங்கள் உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் செய்துகொண்டு நடக்கலாம். அலபாமாவில் 2018-இல் சட்டம் மாறி, அரசுப் பணம் வாங்கும் இடங்களுக்கு உரிமம் கட்டாயமானது.

விலக்கு என்றால் இடம் மோசம் என்று அர்த்தமில்லை. வெளியாள் வந்து பார்ப்பது குறைவு, அவ்வளவுதான். அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. நான்கு விஷயம் கேளுங்கள். உரிமமா, பதிவா, விலக்கா? கடைசியாக யார் வந்து சோதித்தார்கள்? அந்த அறிக்கையைப் பார்க்கலாமா? தீயணைப்புச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்?

பலர் கேட்காமல் விடும் ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: புகார் யாரிடம் போகும்? வழிபாட்டுத் தலைவர், டிரஸ்ட் தலைவர், டேகேர் நிர்வாகி மூவரும் ஒரே ஆளாகவோ ஒரே குடும்பமாகவோ இருந்தால், புகார் சுற்றிச் சுற்றி அதே மேஜைக்குத்தான் வரும். வாராவாரம் வழிபாட்டில் முகம் பார்க்கும் ஆளின் மேல் புகார் எழுதப் பெற்றோருக்குக் கை வராது. அமைப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரின் பேரும் எண்ணும் கைப்புத்தகத்தில் அச்சாகியிருந்தால் அந்த நிர்வாகத்தை நம்பலாம்.

*

"பிரார்த்தனை உண்டா?" என்று கேட்டால் "உண்டு, கொஞ்ச நேரம்தான்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "நேற்று காலை எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடிந்தது? உட்காராத பிள்ளை என்ன செய்தது?" என்று கேளுங்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் விளம்பர வாசகம் வராது. "ரெண்டு பேர் எழுந்து ஓடினாங்க, மிஸ் ஒருத்தர் பின்னாடியே போய் பிளாக்ஸ் எடுத்துக் கொடுத்தாங்க" என்று பதில் வந்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம். "எங்ககிட்ட எல்லாக் குழந்தையும் அமைதியா உட்காரும்" என்றால் எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று கட்டாயம் தோண்ட வேண்டும். 2 வயசுப் பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு மேல் வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பாட்டோ பொம்மையோ காரணமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பயம்தான் காரணம்.

பயம் என்றதும் ஒரு வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும். "சாமி கண்ணைக் குத்தும்." பெரியவர்களுக்கு இது பேச்சு வழக்கு. 3 வயசுக்கு இது நிஜமான விரல், நிஜமான கண். ஸ்விஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 2 முதல் 7 வயது வரையான கட்டத்தைத் தனியாகப் பிரித்ததற்கு இந்த மாதிரிச் சிந்தனையும் ஒரு காரணம்: சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும், தனக்கு நடந்ததையும் தான் செய்ததையும் முடிச்சுப் போடும். தண்ணீரைக் கொட்டிய அன்றே காய்ச்சல் வந்தால் அது தண்டனைதான் என்று நம்பும். அதனால் கடிக்கிற பிள்ளை, தள்ளுகிற பிள்ளை, படுக்கையை நனைத்த பிள்ளை ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள்வீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலில் பாவம், சாபம், "சாமி பார்த்துக்கிட்டு இருக்கார்" வந்தால் பிள்ளை ராத்திரியில் எழுந்து அழுவதற்கு நீங்கள் தயாராக வேண்டியதுதான்.

மதத்தைச் சின்னப் பிள்ளைக்கு அதன் அளவில் கொடுக்க முடியாது என்பதில்லை. ரோம் நகரில் 1954-இல் சோஃபியா கவல்லெட்டியும் ஜியானா கோபியும் மாண்டிசோரி முறையை ஒட்டி ஆரம்பித்த கத்தோலிக்கப் பயிற்சி 3 வயதிலிருந்தே தொடங்குகிறது. அங்கே பிள்ளை தன் கையால் சின்ன மர உருவங்களை நகர்த்தும், தண்ணீர் ஊற்றும், மெதுவாகப் பேசும். மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பது மையமில்லை. எந்த மதமானாலும் அறையில் அந்த மாதிரிப் பிள்ளை கைக்கு எட்டும் பொருள் இருக்கிறதா, அல்லது எல்லாம் பெரியவர் உயரத்தில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

*

புனிதப் பொருள், பாதுகாப்பு இரண்டும் மோதும் இடங்கள். இதைப் பொதுவான செக்லிஸ்ட் எதிலும் பார்க்க முடியாது.

தேன். சடங்கில் நாக்கில் தொட்டு வைப்பார்கள். 12 மாதம் ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசை தளர்ந்துபோகும். காய்ச்சினாலும் வித்து சாகாது. புனித நீரும் அப்படித்தான், 6 மாதம் வரை தாய்ப்பாலோ ஃபார்முலாவோ போதும், அந்த வயதில் அதைத் தவிர ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம்.

வழிபாட்டில் கையில் கொடுக்கும் தின்பண்டம் சமையலறைப் பட்டியலில் ஏறாது. கடலை, பால், கோதுமை அலர்ஜி உள்ள பிள்ளையின் பேர் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கும், வழிபாட்டுக் கூடத்தில் தட்டைத் தூக்கி வருபவருக்கு அது தெரியாது. அலர்ஜி தாள் அந்தக் கூடத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 4 வயதுக்குள் முழுக் கடலை, முழுத் திராட்சை வேண்டாம், மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

கழுத்துக் கயிறு, தாயத்து, ஜெபமாலை, சிலுவைச் சங்கிலி எதுவானாலும் தூங்கும்போது கழற்ற வேண்டும். தொட்டிலின் கம்பியில் ஒரு முறை மாட்டினால் போதும். உங்கள் வழக்கத்தில் கழற்றக் கூடாதென்றால் அதைச் சேர்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள், மிஸ்ஸின் தலையில் முடிவைக் கட்டாதீர்கள். ஒரு வயதுக்குள் மல்லாக்கப் படுக்க வைப்பது, சமதளமான கெட்டி மெத்தை, தலையணையோ போர்வையோ புனிதப் படமோ தொட்டிலுக்குள் இல்லாமல் இருப்பது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

விளக்கு, மெழுகுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி. தீ எட்டும் தூரமும் புகையும் இரண்டு தனிப் பிரச்சினைகள். உயரத்தில் வைத்துவிட்டோம் என்பார்கள். புகை கீழேயும் வரும், இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு அது போதும். ஏற்றும் அறையும் தூங்கும் அறையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

*

கட்டடம் பொதுவானது என்பதை மறந்துவிடுகிறோம். வழிபாட்டுக்கு வருகிறவர், கல்யாணத்துக்கு வருகிறவர், இரங்கல் கூட்டத்துக்கு வருகிறவர் எல்லோரும் அதே வாசல், அதே பாத்ரூம். டேகேருக்குத் தனிக் கதவு, பிள்ளைகளுக்கு மட்டுமான பாத்ரூம் இல்லையென்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய இடம்.

தொண்டர்களும் அப்படித்தான். சம்பளம் வாங்கும் மிஸ்ஸுக்குப் போலீஸ் சரிபார்ப்பு செய்திருப்பார்கள். கதை சொல்ல வரும் பெரியவர், இசை வாசிக்க வரும் கல்லூரிப் பையன், ஆசீர்வாதம் செய்ய வரும் குரு? "அவரை எல்லாருக்கும் தெரியும்" என்பது சரிபார்ப்பு ஆகாது. கேட்க வேண்டிய விதி ஒன்றுதான்: யாரானாலும், என்ன பதவியானாலும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள். அந்தக் கண்ணாடியில் பண்டிகைத் தோரணம் ஒட்டி மறைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், சொன்னவுடன் எடுக்கிறார்களா, முகம் சுளிக்கிறார்களா என்பதும் ஒரு பதில்தான்.

*

சுருக்கமாக மருத்துவம். மத நம்பிக்கையின் பேரில் தடுப்பூசி விலக்கு செல்லுபடியாகும் ஊரென்றால் எத்தனை பிள்ளைகள் போடவில்லை என்று எண் கேளுங்கள், பேர் வேண்டாம். தட்டம்மை பரவாமல் இருக்க 95 சதவீதம் பேருக்குத் தடுப்பு இருக்க வேண்டும். அதன் முதல் ஊசியே 9 அல்லது 12 மாதத்தில்தான், அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சுற்றி இருப்பவர்கள்தான் அரண். காய்ச்சல் 38 டிகிரி தாண்டினால் யாருக்கு, எத்தனை நிமிடத்தில் போன் வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். பிரார்த்தனை செய்யட்டும், போனை முதலில் எடுக்கட்டும்.

*

வேறு மதத்துப் பிள்ளைக்கோ, அப்பா ஒரு மதம் அம்மா ஒரு மதம் என்ற வீட்டுக்கோ இது. பிள்ளையின் மத வழிகாட்டல் பெற்றோர் கையில் என்பதை 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 14-ஆம் பிரிவில் சொல்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடுவதைவிட ஒரு பக்கக் கடிதம் அதிகம் வேலை செய்யும். மூன்று தலைப்பு போதும்: சேர்ந்து செய்யலாம், உட்கார்ந்து பார்க்கலாம், கூடவே கூடாது. பாட்டும் கதையும் முதலாவதில் வரலாம். விழுந்து வணங்குவது, நெற்றியில் இடுவது, ஞானஸ்நானம் மாதிரிச் சடங்குகள் எல்லாவற்றையும் பேர் சொல்லி எங்கே சேர்ப்பது என்று எழுதுங்கள், "மத விஷயம் வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் ஒவ்வொரு மிஸ்ஸும் ஒவ்வொரு மாதிரிப் புரிந்துகொள்வார்.

விலகும் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும், யார் கூட, என்ன செய்துகொண்டு என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மூலையில் தனி நாற்காலி என்றால் பிள்ளைக்கு அது தண்டனைதான். இன்னொரு வகுப்பில் விளையாட்டு, அல்லது அதே வட்டத்தில் படப் புத்தகத்தோடு மடியில் என்றால் சரி. வழிபாட்டுக் கோலத்தில் எடுத்த போட்டோ நன்கொடை நோட்டீஸில் வராது என்று தனி வரி போடுங்கள். இரண்டு பெற்றோரும், நிர்வாகியும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வகுப்பு மிஸ்ஸிடம் இருக்க வேண்டும். ஆபீஸ் ஃபைலில் மட்டும் இருக்கும் கடிதம் மிஸ் மாறிய அன்றே செத்துப்போகும்.