குல்மார்க்கில் இரவு தங்குங்கள்

காஷ்மீர் மலையில் இருக்கும் குல்மார்க்குக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். காலையில் ஸ்ரீநகரிலிருந்து கார், வழியில் அடிவார ஊரான தங்மார்க்கில் வாடகைக்குக் கோட்டும் பூட்ஸும், மலையேறும் கம்பிவட வண்டியான கோண்டோலாவுக்கு வரிசை, மேலே நாலு படம், இருட்டுவதற்குள் திரும்ப ஸ்ரீநகர். நடுவில், பனியில் பலகை வண்டியில் உட்காரவைத்து இழுத்துப்போகும் ஸ்லெட்ஜ்காரர்களோடு பேரம். "குளிர், கூட்டம், செலவு" என்று என் அலுவலக நண்பர் சுருக்கமாக முடித்துவிட்டார். அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஊரின் அருமை சாயங்காலம் சுற்றுலா வண்டிகள் எல்லாம் கீழே இறங்கிய பிறகுதான் தெரிகிறது. நானும் தம்பியும் 2024 பிப்ரவரியில் போனபோது குல்மார்க்கிலேயே அறை எடுத்துத் தங்கினோம். பனிச்சறுக்கு கற்றுக்கொள்வது ஒன்றுதான் திட்டம்.

அந்த வருஷம் போவதா வேண்டாமா என்பதே கடைசிவரை சந்தேகமாக இருந்தது. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே சில்லை கலான் என்கிறார்கள். பனி கொட்ட வேண்டிய காலமே அதுதான். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் பயணத்தை ரத்து செய்தார்கள். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்தத் தாழ்வுகள்தான் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை ஜனவரி கடைசியில்தான் வந்து சேர்ந்தன. அப்புறம் கொட்டியது கொட்டியதுதான். நாங்கள் போனபோது கடைகளின் தகரக் கூரையிலிருந்து சரிந்த பனி ஜன்னல் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

முதல் நாளே ஒரு ஸ்லெட்ஜ்காரப் பெரியவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். நடந்தே போகிறோம் என்று சொன்னோம். சரி என்று அவரும் மரச் சறுக்குப் பலகையைக் கயிற்றில் இழுத்தபடி கூடவே நடந்தார். ஃபெரன் என்ற நீளத் தொளதொள அங்கிக்குள் ஒரு கை காங்ரியைப் பிடித்திருந்தது; மூங்கில் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரித்தணல். ஜனவரி எப்படிப் போனது, சாச்சா என்று தம்பி தன் அரைகுறை இந்தியில் கேட்டான். அந்த மாதம் முழுக்கப் பலகையை வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மருமகனின் கடை பாக்கி, பேத்தியின் பள்ளிக் கட்டணம், எல்லாம் பனி விழுந்தால்தான் என்றார். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷத்தில் எங்கள் பெரியப்பா பேசுவது அப்படியே இதுதான்.

ஸ்லெட்ஜ்காரர்களைப் பற்றி எல்லோரும் குறை சொல்வதால் இதைச் சொல்கிறேன். துரத்திக்கொண்டு வருவது தொல்லைதான், மறுக்கவில்லை. ஏறுவதற்கு முன்பே தொகையையும் எதுவரை என்பதையும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஐம்பதுக்கும் நூறுக்கும் கறாராக நிற்காதீர்கள். வயதானவர் நம்மை இழுப்பது மனசுக்கு ஒப்பவில்லை என்றால், வழிகாட்டக் கூட வரச்சொல்லி அதற்குப் பணம் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எந்த இடத்தில் பனிக்கு அடியில் ஓடை இருக்கிறது, எங்கே கால் வைத்தால் இடுப்புவரை இறங்கும் என்று அவர் காட்டிக்கொண்டே வந்தது வேறு யாரிடமும் கிடைக்காத பாடம்.

பனிச்சறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பயிற்சியாளர் தங்மார்க் பக்கத்துக் கிராமத்துப் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கோடையில் வீட்டு ஆப்பிள் தோட்டம், குளிர்காலத்தில் இது. முந்தின நாள் ஒரு வாடகைக் கடையில் எனக்குக் கொடுத்த பூட்ஸ் ஒரு அளவு பெரியது. பயிற்சியாளர் வந்ததும் முதல் வேலையாக என் முன்னால் மண்டியிட்டு, பக்கிளை அவிழ்த்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். குதிகால் தூக்குகிறதா என்று கேட்டார். தூக்கியது. ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கொடுத்தார். குதிகால் உள்ளே ஆடினால் நீ திரும்பினாலும் பூட்ஸில் மாட்டிய ஸ்கீ பலகை திரும்பாது, முழங்கால்தான் திருகும் என்றார். காலுறை ஒன்றுதான் போட வேண்டும், இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும் என்பதும் அவர் சொன்னதுதான்.

முதல் நாள் காலை முழுக்கச் சறுக்கவே விடவில்லை. ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடக்க வேண்டும், பிறகு இரண்டு காலிலும் மாட்டிச் சரிவில் பக்கவாட்டாகப் படி ஏறுவதுபோல் ஏற வேண்டும். அப்புறம் விழக் கற்றுக்கொடுத்தார்: பின்னால் உட்காராதே, பக்கவாட்டில் சாய், கைத்தடியை விட்டுவிடு. மதியத்துக்குமேல்தான் ஸ்கீயின் முனைகளை நெருக்கி, பின்பகுதியை அகட்டி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை. கணுக்காலுக்கு மேல் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் ஸ்கீ இன்னும் வேகமெடுக்கிறது. இதை வாயால் நூறு முறை சொன்னாலும் புரியாது. அவர் எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கியபடியே தன் கையை நீட்டி, என் கையைப் பார்க்காதே, என் முகத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அந்தச் சரிவின் அடிவாரத்தில் நானாக நின்றபோது வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு நேரத்தில் அவர் அதிகம் பேசியது ஆரிஃப் கானைப் பற்றி. தங்மார்க் பகுதிக்காரர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியா சார்பில் பங்கேற்ற ஒரே வீரர், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வது இடம். அவருடைய அப்பா இங்கேதான் ஸ்கீ கடை வைத்திருந்தார். அந்த 45-வது இடம் இந்தப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். ஐரோப்பிய வீரர்களுக்கு உள்ள வசதி இவர்களுக்குக் கிடையாது. பனி இருக்கும் சில மாதங்கள்தான் பயிற்சி, அதுவும் 2024 மாதிரி வருஷத்தில் பாதி போய்விடும்.

கோண்டோலா இரண்டு கட்டம். சுமார் 2,650 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து காங்டூரி வரை முதல் கட்டம், 1998-ல் திறந்தது. அங்கிருந்து அஃபர்வாட் மலைத்தோள் வரை இரண்டாம் கட்டம், 2005-ல் திறந்தது. அது கொண்டுபோய் விடும் உயரம் ஏறக்குறைய 3,950 மீட்டர். மேலே கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. கதவு திறந்து நாலு எட்டு வைத்ததும் தம்பிக்கு மூச்சு வாங்கியது. ஸ்ரீநகரிலிருந்து அன்றே வந்து நேராக மேலே போகிறவர்களில் தலைவலி, வாந்தி என்று உட்கார்ந்திருந்த பலரைப் பார்த்தோம். ஒரு இரவாவது குல்மார்க்கில் தூங்கிவிட்டுப் போனால் உடம்பு கொஞ்சம் பழகும். எங்களுக்கு வானம் தெளிவாக இருந்தது. வடக்கே வெகுதூரத்தில் 8,126 மீட்டர் நங்கா பர்பத் தனியாக நின்றது. பேச்சு வரவில்லை.

மேலே வெளிநாட்டு ஸ்கீக்காரர்கள் நிறைய. ஆழமான புதுப்பனிக்காகவே அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். சீர்செய்த பாதை கொஞ்சம்தான், மீதியெல்லாம் இயற்கையாகக் கிடக்கும் சரிவு. முதுகுப் பையில் சிறு மண்வாரி, நீளக் கம்பி, மார்பில் சிக்னல் கருவி. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட இந்த மூன்றும் வேண்டும். முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு அது வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து உதவி வர நேரமில்லை. கூட இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். பழைய பனியின்மேல் புதுப்பனி கனமாக இறங்கி, காற்றும் அடித்திருந்தால், ஒரு ஆள் குறுக்கே போவதே அந்தப் பனி அடுக்கு மொத்தத்தையும் பெயர்த்துவிடும். நாங்கள் இருந்தபோது ஒருநாள் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவைத்தார்கள். காசு கட்டிவிட்டு வந்தவர்கள் ரோந்துப் பணியாளர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கீழே பாதுகாப்பான இடத்தில் சறுக்குங்கள், மலை நாளைக்கும் இங்கேதான் இருக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் மேல்சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு ரஷ்ய ஸ்கீக்காரர் ஒருவர் இறந்தார், மற்றவர்களை மீட்டார்கள் என்ற செய்தி வந்தது. அதற்கு முந்தைய பிப்ரவரியிலும் போலந்துக்காரர்கள் இருவர் அதே மலையில் இறந்திருக்கிறார்கள். கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். மேலே சறுக்கும் அளவுக்குத் தேர்ந்தவர்களும் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். கனமான பனி விழுந்தால் தங்மார்க்கிலிருந்து மேலே 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் தாடைக்கு அடியில்கூடத் தோல் கருகும். அறை எடுக்கும்போது சூடேற்ற புகாரி அடுப்பு உண்டா, இரவு முழுக்க விறகு தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டாம் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தப் பணத்தில் ஊர்ப் புல்வெளிச் சரிவில் ஒரு பயிற்சியாளரை இரண்டு நாளைக்குப் பேசிக்கொடுங்கள். எட்டு வயதுக் குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்த்தோம். நாள்கூலி எவ்வளவு என்பதை விசாரித்து, கடைக்குக் கொடுக்காமல் நேராகப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள்.