9.5 மி.கி. பேட்சுக்குள் 18 மி.கி. மருந்து ஏன்?

அரைத்தூக்கம் கேட்டது:

அப்பாவுக்கு அல்ஸைமர். ரிவாஸ்டிக்மின் கேப்ஸ்யூல் கொடுத்தபோது சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. டாக்டர் தோலில் ஒட்டும் பேட்சுக்கு மாற்றினார். முதலில் 4.6, இப்போது 9.5. வாந்தி நின்றுவிட்டது.

நேற்று சும்மா உறையைப் படித்துப் பார்த்ததில் குழப்பம். ‘24 மணி நேரத்துக்கு 9.5 மி.கி.’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில், பேட்சில் உள்ள மருந்து 18 மி.கி. என்கிறது. மீதி எங்கே போகிறது? அப்பாவுக்கு இரண்டு மடங்கு ஏறுகிறதா? பாதி மிச்சம் என்றால் அதே பேட்சை இரண்டாம் நாளும் விட்டுவைக்கலாமா? விலையும் குறைவில்லை.

அப்புறம் ஒரு அடிப்படைச் சந்தேகம். மழையில் எவ்வளவு நனைந்தாலும் தண்ணீர் உடம்புக்குள் போவதில்லை. மருந்து மட்டும் எப்படிப் போகிறது?

கடைசிபெஞ்ச்:

வியர்வை வெளியே வருகிற துளை வழியாகத்தான் மருந்து உள்ளே போகிறது. அதனால்தான் வியர்க்காத இடத்தில் ஒட்டினால் வேலை செய்யாது என்பார்கள். மிச்ச மருந்து ஒட்டுகிற பசைக்காக இருக்கும்.

பசைவாளி:

பேட்ச் தயாரிக்கும் ஆலையில் பூச்சுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிபெஞ்ச் தம்பி சொன்னது இரண்டுமே சரியில்லை.

வியர்வைத் துளைகள் தோலின் பரப்பில் மிகச் சிறு பங்கு. மருந்தில் பெரும்பகுதி தோலின் ஊடாகவே போகிறது. தோலின் உச்சியில் செத்துத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மொத்தமே 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனம்தான். அந்தச் செல்களுக்கு இடையில் நிரம்பியிருப்பது கொழுப்பு. தண்ணீரைத் தடுப்பது அதுதான். கொழுப்பில் கரையக்கூடிய சின்ன மூலக்கூறு வந்தால் அதே கொழுப்பு வழிவிடுகிறது. கொஞ்சம் நீரிலும் கரைய வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பிலேயே தங்கிவிடும், கீழே இருக்கும் ரத்தக் குழாய்க்குப் போய்ச் சேராது. மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறை எடை போடும் அலகு அது) இருந்தால் நல்லது என்பது எங்கள் துறையில் பொதுவான கணக்கு. ரிவாஸ்டிக்மின் சுமார் 250, நிகோடின் 162, கடும் வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் 336. இன்சுலின் 5,800 பக்கம், அதனால்தான் சர்க்கரைக்காரர்கள் இன்னமும் ஊசி குத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1979-இல் முதல் பேட்சுக்கு அனுமதி கிடைத்தது. பயண வாந்திக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் அது. இத்தனை வருடத்தில் இந்த வழியில் நுழைந்த மருந்துகள் குறைவுதான்.

இப்போது 18-க்கு வருவோம். பேட்சுக்குள் மோட்டாரும் கிடையாது, பம்பும் கிடையாது. மருந்து நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாக நகர்கிறது, அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறைகிறதே, அதே கதை. சரியாக 9.5 மட்டும் வைத்தால் மாலைக்குள் வேகம் விழுந்துவிடும், கடைசித் துளி வரை இறங்கவும் இறங்காது. மட்டம் ரொம்ப இறங்கக் கூடாது என்றுதான் இருமடங்கு நிரப்புகிறோம். அந்த மிச்சத்தை வீண் என்று சொல்லாதீர்கள், மருந்தை உள்ளே தள்ளுவதே அதுதான். இரட்டை அளவும் ஏறாது. ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதைத் தோலும் பேட்சின் பரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 4.6 பேட்ச் 5 சதுர செ.மீ., 9.5 பேட்ச் 10 சதுர செ.மீ. இரண்டிலும் ஒரு சதுர செ.மீ.க்கு 1.8 மி.கி. மருந்துதான்.

ஆகவே இரண்டாம் நாள் அதையே விட்டுவைத்தால் மருந்து போகும், ஆனால் போதாது. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

வாந்தி நின்றதற்கும் காரணம் இதில் இருக்கிறது. கேப்ஸ்யூல் விழுங்கினால் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொட்டுச் சரிகிறது. அந்த உச்சத்தில்தான் குமட்டல். பேட்சில் உச்சத்துக்குப் போகவே 8 மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். ஏற்றமும் இறக்கமும் மெதுவாக நடக்கின்றன.

இரவுப்பணி:

நான் நர்ஸ். பசைவாளி சார் சொன்ன ‘மிச்சம்’ விஷயம்தான் வார்டில் எங்களைப் பயமுறுத்துவது. பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டிவிடுவார்கள். முதுகில் இருப்பதால் கண்ணிலும் படாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். வாந்தி, நாடித் துடிப்பு குறைதல், மயக்கம் என்று வந்து சேருவார்கள். ரிவாஸ்டிக்மினில் இப்படி உயிர் போனதும் உண்டு. முதலில் உரியுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். தேதியைப் பேட்ச் மேலேயே எழுதிவிட்டால் வீட்டில் யார் ஒட்டினாலும் தெரியும்.

மேல்முதுகுதான் நல்ல இடம், அப்பாவால் கையை வளைத்துப் பிய்க்க முடியாது. அதே புள்ளியில் 14 நாளைக்குத் திரும்ப ஒட்டக் கூடாது, தோல் புண்ணாகும். எண்ணெய், பவுடர், கிரீம் இல்லாத உலர்ந்த தோலில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குளிக்கலாம். வெந்நீர்ப் பை, கடும் வெயில் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். உரித்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். வேறொரு மருந்தில், ஃபென்டனில் பேட்சில், எறிந்ததை எடுத்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கையைக் கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள்.

அரைத்தூக்கம்:

நன்றி சார், நன்றி அக்கா. முதுகைப் பார்த்தேன், ஒன்றுதான் இருக்கிறது! பரப்புதான் கணக்கு என்றால், டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னால் 9.5-ஐக் கத்தரித்துப் பாதி ஒட்டலாமா? பாதிப் பெட்டி மிச்சம் இருக்கிறது. ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன செய்வது?

பசைவாளி:

கத்தரி வேண்டாம். ஆலையில் அச்சு வைத்து வெட்டுகிறோம், உங்கள் வெட்டில் பாதி பாதியாக இருக்காது, ஓரமும் பிரியும். உறையிலேயே வெட்டாதே என்றுதான் இருக்கும். மருந்தைக் கூழாகப் பைக்குள் அடைத்த பழைய வகைப் பேட்சாக இருந்தால் இன்னும் மோசம், வெட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் தோலில் கொட்டிவிடும். 4.6 தனியாகவே கிடைக்கிறதே, டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

இரவுப்பணி:

இடையில் கழன்று விழுந்தால் புதியது ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்தில் மாற்றினால் போதும். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் 9.5-ஐ நேராக ஒட்டாதீர்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு 4.6-லிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.