ஈரநில வரைபடம்: பழைய செயற்கைக்கோள் படங்களில் கரை பிடிபடவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓர் ஈரநிலம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வரைபடமாக்கி வருகிறேன். 1980களின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை (ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர்) இன்றைய சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களோடு (ஒரு பிக்சல் 10 மீட்டர்) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒப்பிடுகிறேன். எல்லாமே கோடையில் எடுத்த படங்கள்தான்.

சிக்கல் கரையோரத்தில். லேண்ட்சாட்டில் தண்ணீர், நாணல், சேறு மூன்றும் ஒரே பிக்சலில் கலந்துவிடுகின்றன; சென்டினலில் தனித்தனியாகப் பிரிகின்றன. நிலம்தான் மாறியதா, படத்தின் நுணுக்கம் கூடியதால் அப்படித் தெரிகிறதா? சென்டினலை 30 மீட்டருக்கு மாற்றி ஒப்பிட்டால் போதுமா?

அப்புறம், அந்தக் காலத்துக்குக் களத்தரவு எதுவும் இல்லை. பழைய படங்களின் வகைப்பாட்டை (எது தண்ணீர், எது நாணல், எது சேறு என்று பிரித்ததை) நீங்கள் எதை வைத்துச் சரிபார்க்கிறீர்கள்? வான்வழிப் படங்களா, நிலப்படத் தாள்களா? இந்த அளவுகளைக் காட்டித்தான் மிச்சமிருக்கும் ஈரநிலத்துக்குப் பாதுகாப்பு கேட்கப் போகிறோம். அதனால்தான் இவ்வளவு கவலை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.