பச்சை குத்திய கைகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

எங்க அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இரண்டு முன்கையிலும் பச்சை உண்டு. வலது கையில் புள்ளிக்கோலமும் அதற்குக் கீழே ஒரு தேளும். இடது கையில் அவர் வீட்டுக்காரர், எங்க அப்புச்சி பேர். அந்தப் பேரை அமுச்சி வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கார்டுக்கு விவரம் எழுத வந்தவர் "வீட்டுக்காரர் பேருங்க?" என்று கேட்டதும், வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டிவிட்டார். வந்தவரும் எழுத்துக்கூட்டிப் படித்து எழுதிக்கொண்டார். குத்தினவருக்குப் படிப்பு இல்லை போல, பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. கார்டிலும் துணைக்கால் இல்லாமலேயே ஏறிவிட்டது!

குத்தியது ஊர் ஊராக வரும் குறவர் வீட்டுப் பெண். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விட்டு எரிப்பார்களாம். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிக் குத்துவது. வலி தெரியாமலிருக்கப் பாட்டு வேறு. கூலியாகக் கம்போ ராகியோ, இருந்தால் ஒரு பழைய சேலையோ. மை என்னவோ கறுப்புதான். தோலுக்கு அடியில் இறங்கியதும் பச்சையாகத் தெரியும்.

"நகை நட்டெல்லாம் கழட்டிக்குவாங்க கண்ணு, இதை எவனும் கழட்ட முடியாது, கூடவே வரும்" என்பார் அமுச்சி.

திருப்பூரிலிருந்து:

அந்தக் காலத்தில் சடங்கு, இப்போது ஸ்டைல் என்று எல்லோரும் பிரித்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லைங்க. எங்க அப்பத்தா தேர் நோம்பிக்குச் சேக்காளிகளோடு போனபோது குத்திக்கொண்டு வந்தவர். எதுக்கு என்று கேட்டால், "அழகுக்குத்தான், வேற எதுக்கு?" வீட்டில் அப்பாரு (எங்க தாத்தா) இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

இப்போது எங்க கம்பெனியில் டைலர் பையன்கள் பாதிப்பேர் கையில் டாட்டூ இருக்கிறது. கடை, ஏசி, மெஷின். அந்த மெஷினும் நேற்று வந்ததில்லை. எடிசனின் மின்பேனாவைப் பார்த்து, நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891இல் காப்புரிமை வாங்கியதன் வழிவந்ததுதான். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், குத்தினால் ஒரு வருஷம் ரத்ததானம் செய்ய முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து:

ராணுவத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் இடம் பார்த்துக் குத்துங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை உட்புறம், இல்லையென்றால் புறங்கை, அங்கே மட்டும்தான் அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. என் அக்கா பையன் புஜத்தில் சிங்கம் வரைந்திருந்தான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தும் மருத்துவத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது லேசர் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறான். கறுப்பு சீக்கிரம் மங்குகிறது, பிடரி மயிருக்கு அடித்த பச்சையும் நீலமும்தான் போவேனா என்கிறது.

எங்க ஊர் பெரியவர் ஒருவர் எம்.ஜி.ஆர் காலத்தில் முன்கையில் இரட்டை இலை குத்தியவர். இடையில் கட்சி மாறிவிட்டார். தேர்தல் வந்தால் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.