மறு: ஒளியைச் சுடுவதும் "மறைமுக" ஒளியும்

அனைவருக்கும் வணக்கம்.

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் கோடோ மென்பொருளின் மொழிபெயர்ப்பில் 'பேக்' (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைப்பது) என்பதற்குச் "சுடுதல்", 'இன்டைரக்ட்' ஒளிக்கு "மறைமுக ஒளி" என்று இந்த இழையில் முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மறைமுகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மறைமுக வரி, மறைமுகத் தேர்தல், மறைமுகமாகத் திட்டுவது. இந்த ஒளியோ எதையும் மறைப்பதில்லை. சன்னல் வழியே தரையில் விழும் வெயில் கட்டம் இருக்கிறதே, அது நேரொளி. பக்கத்துச் சிவப்புச் சுவரில் பட்ட வெயில் தெறித்துப்போய் வெள்ளைக் கூரையில் லேசான சிவப்பாகப் படிகிறது. நாம் பெயர் தேடுவது இதற்குத்தான். 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டியவர்களும் வண்ணச் சுவர் வைத்த ஒரு பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1996-இல் வந்த குவேக் விளையாட்டில் விளக்கிலிருந்து நேரே விழும் ஒளியை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தார்கள். சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி மறு ஆண்டு குவேக் 2-இல்தான் சேர்ந்தது.

ஆகவே "தெறிப்பொளி" என்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் கண்ணாடியில் நிகழ்வதற்கும் தெறிப்பு என்றுதான் பெயர், குழப்பம் வராதா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கண்ணாடி, நீர்ப்பரப்பு போன்றவற்றில் பிம்பம் தெரிவதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் "எதிரொளிப்பு" இருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொண்டால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி வேலை கிடைக்கும்.

அப்புறம் "சுடுதல்". பொருள் அருமையாகப் பொருந்துகிறது. பானை பச்சை மண்ணாக இருக்கும்வரை வளைக்கலாம், சூளையில் வெந்த பிறகு முடியாது. ஒளியும் அப்படித்தான். மேசையை நகர்த்தினாலும் அதன் நிழல் பழைய இடத்திலேயே கிடக்கும், மறுபடி சுட்டால்தான் மாறும். ஆனால் திரையில் "சுட்ட ஒளி" என்று பார்க்கும் பள்ளிப் பிள்ளை, யாரிடமிருந்தோ சுட்டது என்றுதான் படிக்கும். "பதித்தல்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதிலிருந்து "ஒளிப்பதிவு" என்று போனால் அது கேமராக்காரர்களின் சொல், அவர்களிடமே இருக்கட்டும்.

எனக்குச் "சூளையிடு" பிடித்திருக்கிறது. செங்கல்லுக்குச் சூளை போடுவது ஊரறிந்த வேலை. நான்கே எழுத்து, பொத்தானிலும் அடங்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒளியை மட்டுமா 'பேக்' செய்கிறோம், பரப்பின் மேடுபள்ளம், துணியின் அசைவு என்று எத்தனையோ இருக்கின்றன. அங்கெல்லாம் இந்தச் சொல் மாறாமல் நிற்கும்.

விளக்கின் அமைப்புகளில் வரும் மூன்று தேர்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதையும் சூளையிடாமல் விடும் தேர்வு போக, கோடோ 3-இல் எதைச் சூளையிடுகிறோம் என்பதை வைத்து 'இன்டைரக்ட்', 'ஆல்' என்று இருந்தவை, 4-இல் 'டைனமிக்', 'ஸ்டாட்டிக்' என்று ஆகிவிட்டன. 'டைனமிக்' என்பதை "இயங்கு" என்று பெயர்த்தால் எதுவுமே சூளையிடப்படாது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் தெறிப்பொளி சூளையிடப்படுகிறது. நேரொளியும் அதன் நிழலும் மட்டும் விளையாட்டு ஓடும்போது கணக்கிடப்படுகின்றன. இந்தத் தேர்வு இருப்பதற்கும் நல்ல காரணம் உண்டு. தெறிப்பொளி மென்மையாகப் பரவுவதால் சிறிய லைட்மேப் (சூளையிட்ட ஒளியைச் சேமித்து வைக்கும் படம்) போதும். நேரொளியின் நிழல் ஓரம் கூர்மையானது, அதையும் சூளையிட்டால் லைட்மேப் பெரிதாகி நினைவகத்தைத் தின்னும். ஓடிவரும் பாத்திரத்தின் நிழலோ அதில் வரவே வராது.

ஆங்கிலத்தில் பெயர் மாறியிருந்தாலும் தமிழில் நாம் பொருளைச் சொல்லலாம்: "சூளையிடாதே", "முழுதும் சூளையிடு", "தெறிப்பொளியை மட்டும் சூளையிடு". மூன்றாவது நீளம்தான், ஆனால் அதைப் படிப்பவர் கையேட்டைத் திறக்க வேண்டியிருக்காது.

இலங்கையிலிருந்து எழுதும் நண்பர்களுக்குத் "தெறிப்பொளி" காதில் எப்படி விழுகிறது என்று சொல்லுங்கள். சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்புச் சொற்றொடர்களைத் திருத்தத் தொடங்குகிறேன்.