மத நம்பிக்கைக்காகச் சில பொருட்களை விற்காத கடை: எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

கேள்வி (புதுக்கல்லா)

தின்பண்டம், பேக்கரி சாமான், அழகுசாதனம், பரிசுப் பொருள் எல்லாம் கலந்து சுமார் 4,000 ஐட்டம் வைக்கப்போகும் கடைக்குச் சரக்குப் பட்டியல் தயாராகிறது. மது, பன்றி சார்ந்தவை, புகையிலை, லாட்டரி ஆகிய நான்கையும் மத நம்பிக்கை காரணமாக விற்பதில்லை என்று கூட்டாளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. பாட்டிலும் சிகரெட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஒளிந்திருப்பதை எப்படிப் பிடிப்பது? 'சைவம்' முத்திரை இருந்தால் போதுமா? "ஏன் விற்க மாட்டீர்கள்" என்று யாராவது வழக்குப் போட முடியுமா? கூட்டாளி ஒருவர் பின்னாளில் மருந்துக் கவுன்டரும் திறக்கலாம் என்கிறார், அதில் என்ன சிக்கல் வரும்?

பதில் 1 (கொள்முதல் மேசை)

முதலில் 'மது விற்பதில்லை' என்ற ஒரு வரியை மூன்றாக உடையுங்கள். குடிக்கும் மது ஒன்று. உணவில் சேர்மானமாக வரும் ஆல்கஹால் இன்னொன்று. கைச்சுத்திகரிப்பான், சென்ட் மாதிரி சாப்பிடாத பொருளில் இருப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு எடுப்பவர் ஒருநாள் ஒரு மாதிரி முடிவெடுப்பார், மறுநாள் வேறு மாதிரி.

எசன்ஸ் நல்ல உதாரணம். அமெரிக்க விதிப்படி 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் எத்தில் ஆல்கஹால் இருந்தாக வேண்டும். அது வேண்டாமென்று கிளிசரினில் கரைத்த வெனிலாவுக்குப் போனால் அங்கே அடுத்த முடிச்சு: கிளிசரின் (லேபிளில் 'ஈ' எழுத்தோடு வரும் உணவுச் சேர்க்கை எண்களில் ஈ 422) தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். வெனிலாப் பொடி எடுத்தால் இரண்டு தொல்லையும் குறையும். 'ஆல்கஹால் இல்லாத' பியரை அப்படியே நம்பாதீர்கள். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அந்த வகையில் விற்க விடுகிறார்கள். அதற்காகப் பூஜ்யம்தான் என்று விதி எழுதினால் ரொட்டியும் பழச்சாறும் மாட்டிக்கொள்ளும், நொதிப்பதில் இயல்பாகவே துளி சேரும். "போதைக்காகத் தயாரித்ததும், அதைப் போலி செய்வதும் கிடையாது, சேர்மானமாக ஊற்றியதும் கிடையாது, இயல்பாக உண்டாவது பரவாயில்லை" என்பது கடைப்பிடிக்கக்கூடிய விதி. கடைசி வார்த்தையை உங்கள் மத அறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், சப்ளையரிடம் அல்ல.

அடுத்து பன்றி. சேர்மானப் பட்டியலில் 'ஜெலட்டின்' என்று மட்டும் இருக்கும், எந்த விலங்கு என்று பெரும்பாலும் இருக்காது. மெல்லும் மிட்டாய், மார்ஷ்மல்லோ, சத்து மாத்திரைக் கேப்ஸ்யூல் மூன்றிலும் முதலில் பாருங்கள். அப்புறம் ஈ 471, பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கவைக்கும் கொழுப்புக் குழம்பாக்கி. தாவரமா விலங்கா என்பது அந்த எண்ணை வைத்துத் தெரியாது. ரொட்டி மாவில் சேரும் ஈ 920 இறகு, முடியிலிருந்தும் எடுக்கப்படும், நொதிப்பு முறையிலும் தயாராகும். இதைவிட மோசம், பட்டியலிலேயே வராதவை: சில பழச்சாறுகளைத் தெளியவைக்க ஜெலட்டின் பயன்படுத்தி, பிறகு வடித்துவிடுவார்கள். அதைச் செய்முறை உதவிப்பொருளாகக் கணக்கில் வைப்பதால் லேபிளில் ஏறாது.

உணவல்லாததை எல்லோரும் மறப்பார்கள். வெண்ணெய் தடவும் பேக்கிங் பிரஷ், பெயின்ட் பிரஷ், ஷேவிங் பிரஷ் மூன்றிலும் 'இயற்கை முடி' என்று போட்டிருந்தால் அது பன்றி மயிராக இருக்கலாம், வேறு விலங்காகவும் இருக்கலாம். பரிசுப் பகுதியில் பர்ஸ், பெல்ட் இருந்தால் உள் அஸ்தர் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாக, சின்ன முக்கோணம் போலக் கூடியிருந்தால் அது பன்றித்தோல். மேலே பூச்சு அடித்து அழுத்திய தோலில் இது தெரியாது, அப்போது காகிதம்தான் கேட்க வேண்டும்.

சப்ளையருக்கு எழுதும்போது "இது அனுமதிக்கப்பட்டதா" என்று கேட்காதீர்கள். "ஆம்" என்று ஒரு சொல் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஜெலட்டின் எந்த விலங்கு, ஈ 471 எதிலிருந்து, வாசனைப்பொருள் எதில் கரைக்கப்பட்டது, தெளிவிக்க எது பயன்பட்டது, தயாராகும் ஆலை எது என்று ஐந்தும் கேளுங்கள். சேர்மானமோ ஆலையோ மாறினால் 30 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். சிக்கல் பெரும்பாலும் முதல் லோடில் வருவதில்லை. அதே பெயர், அதே உறை, ஆலை மட்டும் மாறி, ஆறாவது லோடில் வேறு ஜெலட்டின் வந்து நிற்கும். பார்கோடின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து எந்த நாட்டில் தயாரானது என்று சொல்லும் வழக்கம் தவறு. அந்த எண்ணை நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் வாங்கியது என்பதை மட்டுமே அது சொல்லும்.

பதில் 2 (லேபிள்வாசி)

'சைவம்' முத்திரை போதாது. வைன் முழுக்கச் சைவமாக இருக்கலாம். ஒரு முத்திரையை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. கோஷர் (யூத உணவு விதி) முத்திரை உள்ள பொருளில் திராட்சை மது இருக்கலாம், ஹலால் முத்திரை உள்ளதில் கோஷர் அனுமதிக்காதபடி இறைச்சியும் பாலும் சேர்ந்திருக்கலாம். சமண நெறிப்படி நடத்தும் கடைக்கு இரண்டுமே போதாது, தேனும் கிழங்கு வகையும் அங்கே தனிக் கேள்வி. மிட்டாய்க்குச் சிவப்பு தரும் ஈ 120 கொச்சினீல் பூச்சியிலிருந்து, பளபளப்புக்குப் பூசும் ஈ 904 அரக்குப் பூச்சி சுரப்பிலிருந்து வருபவை. சான்றிதழில் முத்திரையை விட மூன்று விஷயம் முக்கியம்: காலாவதித் தேதி, ஆலை முகவரி, அந்தக் குறிப்பிட்ட பொருளின் பெயர். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும் சான்றிதழ் உங்கள் ஐட்டத்துக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 3 (நடுப்பக்கம்)

வழக்கு பற்றி. ஒரு பொருளை யாருக்குமே விற்காமல் இருப்பது வேறு, விற்கும் பொருளை இன்னாருக்குத் தர மாட்டேன் என்பது வேறு. முதலாவது பெரும்பாலும் கடைக்காரர் உரிமை. இரண்டாவதில்தான் பாகுபாட்டுச் சட்டம் வந்து உட்காரும்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். கிறிஸ்தவ நம்பிக்கைப்படி விடுதி நடத்தியவர்கள் ஓர் ஆண் ஜோடிக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்த வழக்கில், 2013-ல் விடுதிக்காரர் தோற்றார். அறை விற்பனையில் இருந்தது, மறுக்கப்பட்டது ஆட்களுக்கு. 2018-ல் ஆஷர்ஸ் பேக்கரி வழக்கு: ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்தார்கள். அதே வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள், மறுப்பு வாசகத்துக்கே, ஆளுக்கல்ல என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லி பேக்கரி ஜெயித்தது. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் தீர்ப்பை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அங்கே ஓர் ஆண் ஜோடிக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் 7-2 என்று ஜெயித்தது, மாநில ஆணையம் அவருடைய மதத்தை விரோதத்தோடு நடத்தியது என்ற குறுகிய காரணத்துக்காக. மத நம்பிக்கைக்காகக் கடைக்காரர் மறுக்கலாமா என்ற பெரிய கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை.

ஆகவே மறுப்பைக் கல்லாவில் வைக்காதீர்கள், கொள்முதலில் வையுங்கள். சரக்கே இல்லையென்றால் யாருக்கு மறுத்தீர்கள் என்ற கேள்வியே எழாது. பலகையில் "மது, புகையிலை, லாட்டரி, பன்றி சார்ந்த பொருட்கள் இங்கு விற்பதில்லை" என்பது போதும். காரணம் எழுதினால் தினமும் வாசலில் விவாதம் நடக்கும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் வாங்குபவரிடம் "வீட்டில் ஒயின் போடவா?" என்று ஊழியர் கேட்கவே கூடாது. அந்த ஒரு கேள்வியில் பொருள் மறுப்பு ஆள் மறுப்பாக மாறிவிடும்.

பிரான்சைஸ் கடையாக இருந்தால் ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். 'முழு வரிசையும் வைக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருந்தால் ஒரு ஐட்டத்தை விட்டாலும் ஒப்பந்த மீறல்தான், மத நம்பிக்கை அங்கே தானாகக் காப்பாற்றாது.

புதுக்கல்லா

நன்றி. பிரஷ் எங்கள் பட்டியலில் 11 இருக்கிறது, யாருக்கும் தோன்றவே இல்லை. மருந்துக் கவுன்டர்?

பதில் 4 (மாத்திரை அட்டை)

பேக்கரிக்கு உள்ள சுதந்திரம் மருந்துக்குக் கிடையாது. கேக் வேறு கடையில் கிடைக்கும், நாளைக்கும் கிடைக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "வேறு கடையில் பாருங்கள்" என்று சொல்லும் நேரமே பலனைக் குறைக்கும்.

பிரான்சில் கருத்தடை மாத்திரை விற்க மறுத்த மருந்தாளர்கள் இருவரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001-ல் ஏற்கவே இல்லை. மருந்துச் சீட்டின்படி, மருந்தகத்தில் மட்டுமே கிடைக்கும் பொருளுக்குத் தங்கள் நம்பிக்கையைப் பிறர்மேல் திணிக்க முடியாது என்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விதி நுட்பமானது: தனிப்பட்ட மருந்தாளர் விலகிக்கொள்ளலாம், மருந்தகம் மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதை எதிர்த்த மருந்தகத்தின் மனுவை 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை.

நடைமுறையில் இதற்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆட்சேபம் இல்லாத ஒருவர் வேண்டும். ஒரே மருந்தாளர், அவரும் மறுப்பவர் என்றால் அந்தக் கவுன்டரைத் திறக்காதீர்கள். விலங்கு மூலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடல் சவ்விலிருந்து வருகிறது. கேப்ஸ்யூலுக்கு ஜெலட்டின் இல்லாத, தாவர நாரிலிருந்து செய்யும் எச்பிஎம்சி உறை உண்டு, ஆனால் எல்லா மருந்துக்கும் அந்த வடிவம் கிடைக்காது. சத்து மாத்திரையைப் பட்டியலிலிருந்து எடுங்கள், எதிர்ப்பில்லை. சீட்டில் உள்ள மருந்தைக் கடை தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது, மூலத்தைச் சொல்லி மருத்துவரிடம் பேசச் சொல்வதுதான் உங்கள் எல்லை.

பதில் 5 (பில் ரோல்)

பதில் 3-ல் 'கொள்முதலில் வையுங்கள்' என்றது பாதிதான் சரி. கொள்முதல் கவனமாக இருந்தும் சரக்கு நுழையும் வழிகள் இருக்கின்றன: கலவைப் பரிசுக் கூடைக்குள் மது ஊற்றிய சாக்லேட், விளம்பர இலவசமாக ஒட்டிவரும், சுரண்டிப் பார்க்கும் லாட்டரி அட்டை. அதனால் பில்லிங் மென்பொருளில் அனுமதித்த பார்கோடு மட்டும் ஸ்கேன் ஆகும்படி வையுங்கள். தடைப்பட்டியல் வைத்தால் புதிய பார்கோடு ஒவ்வொன்றும் ஓட்டை. 'இதர வகை' பட்டனுக்கு மேலாளர் கடவுச்சொல் போடுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் ஆகாத எல்லாமே அதில்தான் போகும்.

டெலிவரி ஆப்பில் சேர்ந்தால் 'தீர்ந்தால் மாற்றுப் பொருள் அனுப்பு' வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஜெலட்டின் இல்லாத மிட்டாய் தீர்ந்தபோது ஆப் அதே வகையில் கைக்கு வந்ததைக் காட்டும், எடுத்துக்கொடுப்பவர் அதைப் பையில் போட்டுவிடுவார். தவறி வந்த சரக்கைத் தள்ளுபடியில் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், கிரெடிட் நோட் வாங்கித் திருப்பி அனுப்புங்கள். ஒரு பெட்டி விற்றாலும் பில்லில் அது இருக்கும்.